ரிதாலினின் துளைப்பலகை

ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். பத்துக்கு ஏழு தடவை கோளாறு அங்கேயே அகப்பட்டுவிடும். அதை விட்டுவிட்டு மற்ற இடங்களைக் குடைகிறவர்கள் பொறுமை இல்லாதவர்கள். எனக்குப் பொறுமை உண்டு, காங் பாஷிஷா. அக்கா முறையில் உங்களைக் காங் என்று கூப்பிடுகிற வாயால் சொல்கிறேன், உங்கள் தங்கையிடம் நான் ஒரு நாள்கூடக் குரல் உயர்த்தியதில்லை. நீங்கள் கேட்டதால் வரிசையாகவே சொல்கிறேன்.

போன வருடம் ஏப்ரலில் ரிதாலின் என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தாள். லைதும்க்ரா வட்டாரம் முழுக்க அன்று நல்ல மழை. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட மாடி ஏறி வந்தவள் கையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் பிரெட்போர்டு. பற்றவைக்காமல், ஒயர்களைத் துளைகளில் செருகியே சர்க்யூட் கட்டிப் பார்க்கும் அந்த வெள்ளைப் பலகைதான். கிட்டாருக்கு ஒரு பெடல் செய்துகொண்டிருந்தாள். காலால் அழுத்தினால் தந்தியின் ஒலி கரகரத்து, அறுந்து, பிறகு மெல்ல நீள வேண்டும். டிசம்பரில் நடக்கும் இசைப் போட்டியில் அவளுடைய பேண்டுக்கு மட்டுமே உரிய ஒலியாக அது இருக்க வேண்டும் என்றாள்.

"சத்தம் உள்ள போகுது, வெளிய வரல பாஹ் ஷான். நடுவுல எங்கயோ செத்துப்போகுது. உங்க மேசையில கொஞ்சம் இடம் குடுங்க, நானே கண்டுபிடிச்சுக்குறேன்."

பாஹ் என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள், கொடுத்தேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்ததும் ஐந்து மணிக்கு வருவாள், ஏழுக்குப் போவாள். ஒரு ஒயரின் நுனியை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, மறுநுனியால் ஒவ்வொரு துளையாகத் தொட்டு, ஒலி எதுவரை உயிரோடு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போவாள். இருபது வருடம் பழுது பார்த்த எனக்கே அந்த நிதானம் இல்லை. ஒன்பது நாளில் முடித்துவிட்டாள். கடை முழுக்க அந்த ஒலி நிறைந்தது. "நாளைக்கு வந்து பலகைய எடுத்துக்குறேன், அப்புறம் உங்களுக்குத் தொல்லையே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மேசையைத் துடைக்கும்போது என் கை பட்டு ஒரு ஒயர் கழன்றது. வேண்டுமென்று செய்ததல்ல. எந்தத் துளையிலிருந்து வந்தது என்று தெரிந்தும் நான் திரும்பச் செருகவில்லை, அவ்வளவுதான். மாலை இருவரும் சேர்ந்து இரண்டு மணி நேரம் தேடினோம். பால் இல்லாத சிவப்புத் தேநீர் குடித்தோம். தன் பாக்கில் பாதியை நறுக்கி எனக்குக் கொடுத்தாள். எனக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை என் மேசையில் இன்னொருவர் முழங்கை ஊன்றி உட்கார்ந்ததில்லை.

அதன் பிறகு அவள் போனதும் தினமும் ஏதாவது ஒன்றை மாற்றினேன். ஒன்றுக்கு மேல் மாற்றியதில்லை.

"உங்க கடையில எலி இருக்கா பாஹ் ஷான்? என் ஒயரையெல்லாம் இழுத்து விளையாடுது."

"எலியா இருந்தா மீட்டரையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

மே கடைசியில் புறப்படும் முன் பலகையைப் போனில் படம் எடுக்க ஆரம்பித்தாள். மறுநாள் படத்தோடு ஒப்பிட்டு, "பாருங்க, நேத்து இது பதினாலாவது துளை. இன்னிக்கு பதினஞ்சு" என்றாள். சந்தேகப்பட்டது என்னையல்ல. எடுத்த படம் பழையதோ என்றுதான் யோசித்தாள். அன்றிலிருந்து நான் ஒயர்களைத் தொடவில்லை. ஒலியைப் பெருக்கும் அந்தச் சின்ன மூன்றுகால் டிரான்சிஸ்டரில் நல்லதை எடுத்துவிட்டு, அதேபோல இருக்கும் செத்த ஒன்றை அதே துளைகளில் வைத்தேன். படமும் பலகையும் அச்சாக ஒத்துப்போகும். ஒலி மட்டும் வராது.

அவள் புதிதாக ஒன்று போடுவாள், ஒலிக்கும். நிலைக்கிறதா என்று பார்க்கப் பலகையை என் மேசையிலேயே விட்டுப் போவாள். மறுநாள் அதுவும் செத்திருக்கும். சில பேருடைய கை அப்படி, சூட்டில் பொசுக்கிவிடும் என்று சொன்னேன். தன் விரல்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் தன் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கும் லாரிசாவைக் கூட்டி வந்தாள், கோளாறைக் காட்ட. இருவரும் கை கழுவப் போன நேரத்தில் நல்லதைத் திரும்ப வைத்துவிட்டேன். பலகையோடு கோத்திருந்த சுவிட்சை லாரிசா காலால் அழுத்தினாள். அருமையாக ஒலித்தது.

"இதுக்காடீ என்னை மழையில இழுத்துட்டு வந்த? உனக்குத்தான் ஏதோ கழண்டுருச்சு" என்றாள் லாரிசா. ரிதா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் வீட்டிலேயே பார்த்தீர்கள். அடுப்பை அணைத்தேனா என்று உங்களை மூன்று தடவை எழுப்பிக் கேட்டாள். பூட்டிய கதவை மறுபடி பூட்டப் போனாள். ஆகஸ்டில் பரிசோதனைக் கூட வேலையை விட்டாள். தான் எழுதும் எண்ணை நம்பி யாராவது மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அழுதாளாம். நீங்கள் மனநல டாக்டரிடம் அழைத்துப் போனீர்கள். அவர் கவனமானவர். இந்தத் தவறுகள் உண்மையிலேயே நடந்தனவா, அல்லது இவள் கற்பனையா என்று தெரிந்துகொள்ள விரும்பினார். பலகையைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

அந்தப் பலகையில் அவள் செய்தது எல்லாமே சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவளேதான் மாத்தி வைக்கிறா டாக்டர். அப்புறம் ஞாபகம் இருக்குறதில்ல" என்றேன். மாத்திரைகள் அன்றைக்குத்தான் தொடங்கின. டிசம்பர் போட்டிக்கு லாரிசா வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டாள்.

நான் ஞாயிறுதோறும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அவள் என்னை மட்டும்தான் நம்பினாள். உப்பு சரியா, இன்று என்ன கிழமை, எல்லாம் என்னிடம்தான் கேட்பாள். பிப்ரவரியில் எங்களுக்குத் திருமணம் நடந்தபோது, நம் வழக்கப்படி கடைசி மகள் என்பதால் அவளுக்கு வந்த வீட்டில் ஓர் ஆண்துணையும் வந்ததென்று நீங்களே சந்தோஷப்பட்டீர்கள். "நீங்க மட்டும் இல்லேன்னா என் தங்கச்சி என்னாயிருப்பாளோ பாஹ் ஷான்" என்றீர்கள். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

போன வாரம் அவள் என்னைக் கேட்காமல் பலகையை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தாள். ஐந்தே நாள். சனிக்கிழமை காலால் அழுத்தினாள், அந்தப் பழைய ஒலி வந்தது. "யாரையும் கேக்கல காங், நானே பண்ணினேன்" என்று உங்களைக் கட்டிக்கொண்டாள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஞாயிறு காலை தலைவலி என்று நான் தேவாலயத்துக்கு வரவில்லை. நீங்கள் பாதி வழியில் குடைக்காகத் திரும்பி வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வாசலில் நின்று நீங்கள் பார்த்தது சரிதான். டிரான்சிஸ்டரை மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் முழுதாகத் தேறவில்லை, காங். இவ்வளவு சீக்கிரம் தன்னை நம்ப ஆரம்பித்தால் அவளால் தாங்க முடியாது. யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

நீங்கள் உடனே அவளிடம் சொன்னீர்கள். அது உங்கள் உரிமை. நேற்று மத்தியானம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காங் சொல்றாங்க, நீங்கதான் எல்லாத்தையும் மாத்தி மாத்தி வச்சீங்களாம். நிஜமா?"

"உனக்கு என்ன தோணுது ரிதா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தோணுறது எப்பவும் தப்பாத்தானே இருக்கும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பாவம் காங்" என்று அழுதாள்.

அதனால்தான் இவ்வளவையும் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லலாம், நான் தடுக்கப் போவதில்லை. வியாழக்கிழமை நாலு மணிக்கு டாக்டரைப் பார்க்க ரிதாவே உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். அவர் ஏதாவது கேட்டால் சொல்வதற்கு நானும் கூட வருகிறேன்.