எண்பதில் பிடுங்கு

சனிக்கிழமை காலை, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிற ரயில். எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் மடியில் ஒரு லேப்டாப்பைக் கைக்குழந்தைபோல வைத்திருந்தார். ரயில் முழுக்கக் கேட்கிற குரல்.

“வயிறு வீங்கிப்போச்சுக்கா! மூடவே முடியல. திங்கக்கிழமை மகளுக்குப் பரீட்சை. அவ நோட்ஸ் எல்லாம் உள்ளதான் இருக்கு. கடைக்காரன் இன்னைக்கே பாத்துக் குடுக்கணும் லா.”

“ராவு பகலா சார்ஜ்லயே போட்டு வச்சியா?”

“ஆமா, எப்பவும் நூறு இருக்கட்டுமேன்னு. தூசி படக்கூடாதுன்னு வெல்வெட் துணி வேற போத்தி வச்சேன்.”

“சூடு தாங்காதும்மா. அதான் பேட்டரி வீங்குது. எண்பது வந்ததும் பிடுங்கிடு. இருபதுக்குக் கீழயும் விடாத. ரொம்ப நாள் உழைக்கும்.”

“எண்பதா? எங்க வீட்டுல எண்பது மார்க் எடுத்துட்டு வந்தா சோறு கிடையாதுக்கா!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“மக எங்க? லீவுதானே, அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?”

“டியூஷன்ல இருக்கா. ஏழு மணிக்குப் போனா, சாயங்காலம் வரைக்கும் நாலு பாடம். ராத்திரியெல்லாம் தூங்கல, தல வலிக்குதுன்னு அழுதா. ரெண்டு மாத்திரை குடுத்து அனுப்பி வச்சேன்.”