ப்ரஸ்தேனி அணையின் வளைகோடு

எனக்குக் காலையில் பசிக்காது. ப்ரஸ்தேனியில் சவேத்தாக்கா வீட்டில் தங்கும் நாட்களில் மட்டும் பசிக்கும். சோளமாவுக் களியும் ஆட்டுப்பால் கட்டியும் வைத்து, மேலே புளித்த பாலேட்டை ஊற்றித் தருவார். நான் தட்டை வழித்துச் சாப்பிடுவேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு ஏதாவது வன்மம் இருந்ததா என்று நேற்று கேட்டீர்கள், அரசு வழக்கறிஞர் அம்மா. வன்மம் எதுவும் இல்லை. அந்த ஊரில் என்னை மனிதனாக மதித்தது அந்த ஒரு வீடுதான்.

என் வேலை உங்களுக்குப் புரிந்திருக்கும். க்ளூஜ் நகரத்தில் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு வானத்திலிருந்து நிலத்தைப் பார்ப்பது. செயற்கைக்கோள் ஒன்று ஒரே பாதையில் திரும்பத் திரும்ப வந்து, ரேடார் அலையை அனுப்பி, நிலம் எவ்வளவு அசைந்திருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிட்டுப் போகும். மேகமும் மழையும் அதற்கு ஒரு பொருட்டல்ல. நான் அதை வரைபடத்தில் புள்ளிகளாக வைப்பேன். அசையாத இடம் பச்சை, லேசாக அசைவது மஞ்சள், ஓடத் தொடங்கியது சிவப்பு. சிறுபிள்ளைக்கும் புரியும்.

ப்ரஸ்தேனியில் பார்க்க வேண்டியது சேற்று அணை. மேலே தாமிரச் சுரங்கம். கல்லை அரைத்துத் தாமிரத்தை எடுத்தபின் மிஞ்சுகிற சாம்பல்நிறச் சேற்றை ஒரு பள்ளத்தாக்கில் கொட்டுவார்கள். அந்தச் சேற்றைத் தடுத்து நிறுத்தும் கரையையும் அதே சேற்றின் மணலால்தான் கட்டுவார்கள். சேறு உயர உயரக் கரையும் உயரும். கரைக்குக் கீழே ஓடை, ஓடையை ஒட்டிக் கீழ்த்தெரு. இந்த மலைகளில் இப்படிப்பட்ட அணைகள் எத்தனை என்று கேட்டால் அரசாங்கமே தலையைச் சொறியும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் ஒருமுறை எச்சரித்தவன். சில வருடங்களுக்கு முன் கரை முழுக்கச் சிவப்பு தெரிந்தது. உடனே சொன்னேன். ஊரைக் காலி செய்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் கட்டில் போட்டு வைத்தார்கள். வைக்கோல் அறுக்கிற சமயம். அறுத்த புல் மழையில் அழுகியது, பசுக்களைக் கறக்க ஆளில்லாமல் மடி கட்டிப்போனது. அணை மட்டும் அசையவில்லை. புதிதாகக் கொட்டிய மணல் தன் கனத்தில் படிவதைத்தான் நான் ஓட்டம் என்று நினைத்திருக்கிறேன். அதிலிருந்து ஊரில் எனக்குப் பெயர் ‘சிவப்பு’.

சவேத்தாக்காவின் கணவர் நிஸ்டோர் அணையில் பம்பு பார்க்கிறவர். நான் மதுக்கடை வாசலில் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் ஆரம்பித்துவிடுவார். "வாங்க இன்ஜினியர் சார், இன்னிக்கு நாங்க என்ன கலரு? சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி சட்டை மாட்டிக்குவேன்." மதுக்கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாகும்.

சவேத்தாக்கா என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவர் புருஷனை அதட்டுவார். "அந்த மனுஷன் நமக்காகத்தான சொன்னாரு. அவரு சொன்ன உடனே நான் மெத்தையச் சுருட்டிட்டேன். மறுபடி சொன்னாலும் சுருட்டுவேன்." பிறகு என்னிடம் திரும்பி, "நீங்க ஒண்ணும் சொல்லாத வரைக்கும் நான் நிம்மதியாத் தூங்குறேன் சார்" என்பார். இந்த வாக்கியத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குளறுபடிக்குப் பிறகு எங்கள் இயக்குநர் கிறிஸ்தேயா என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கத்தவில்லை. இனிமேல் சிவப்பைக் காட்டுவதற்கு முன் நன்றாக உறுதிப்படுத்திக்கொள், இன்னொரு தடவை இப்படி ஆனால் நம் வரைபடத்தை யாரும் மதிக்க மாட்டார்கள் என்றார். நியாயமான பேச்சு. அவர்மேல் பழி போட வேண்டாம். அவருக்கு எதுவும் தெரியாது.

இப்போது தொழில் சம்பந்தமாக ஒன்றைச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நிலம் அசைகிறதா என்று வானத்திலிருந்து பார்க்க, கீழே ஓர் அசையாத இடம் வேண்டும். அதை நிலைப்புள்ளி என்போம். மற்ற எல்லாப் புள்ளிகளின் அசைவையும் அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். எங்கள் மலைகளில் எல்லோரும் தேவாலயத்தைத்தான் எடுப்போம். தகரக் கூரை ரேடாருக்குப் பளிச்சென்று தெரியும். தவிர, தேவாலயத்தைப் பாறைமேல்தான் கட்டுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. யாரும் போய்ப் பார்க்க மாட்டோம். ஏளனத்துக்குப் பிறகு நான் வரைபடத்தைப் புதிதாகப் போட்டபோதும் ப்ரஸ்தேனி தேவாலயத்தைத்தான் எடுத்தேன். கரை முழுக்கப் பச்சை. எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு மூன்று வருடம் பச்சையாகவே போனது. ஒரு குளிர்காலத்தில்தான் வேறொன்றைக் கவனித்தேன். ஓடைக்கு மறுகரையில் இருக்கிற சுண்ணாம்புப் பாறைகள் மெல்ல உயர்வதாக வரைபடம் காட்டியது. பாறை உயராது, அம்மா. பாறை உயர்கிறது என்றால் பார்க்கிறவன் நிற்கும் தரைதான் இறங்குகிறது.

அடுத்த முறை போனபோது சாப்பிடும் நேரத்தில் தேவாலயத்தைப் பற்றிச் சும்மா கேட்டேன். சவேத்தாக்கா சொன்னார், பழைய தேவாலயம் சேற்றுக்கு அடியில் போய்விட்டதாம். தான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சுரங்கத்துக்காரர்கள்தான் கரையை ஒட்டிப் பழைய கழிவைச் சமன்செய்து இந்தப் புதியதைக் கட்டிக் கொடுத்தார்களாம். தன் திருமணம் முடிந்து வெளியே வந்தபோது வாசற்படியில் விரிசல் இருந்ததாம், இப்போது அதில் கைவிரல் நுழையுமாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேவாலயமும் கரையும் ஒன்றாகக் கீழே போய்க்கொண்டிருந்தன. இரண்டும் சேர்ந்து நகர்ந்ததால் எனக்கு எதுவுமே நகரவில்லை.

க்ளூஜுக்குத் திரும்பி நிலைப்புள்ளியை மறுகரைப் பாறைக்கு மாற்றினேன். கரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சிவந்தது. இந்தத் தடவை மணல் படிவது அல்ல.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். இயக்குநர் சொன்னபடி உறுதிப்படுத்திக்கொள்ள நினைத்தேன். செயற்கைக்கோள் இன்னொரு முறை வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது, உறுதியானது. இன்னும் ஒரு முறை வரட்டும் என்றேன். அதற்குள் புள்ளிகளை இணைத்துப் பார்த்தால் ஒரு கோடு வரத் தொடங்கியிருந்தது. முதலில் கிட்டத்தட்டச் சமமாக, பிறகு மெல்ல வளைந்து, பிறகு மேல்நோக்கி. அம்மா, ஓர் அணை முதல் அசைவிலிருந்து உடையும் கணம்வரை எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குச் சுத்தமான வளைகோடு எனக்குத் தெரிந்து யாரிடமும் இல்லை. உடைந்தபின் பழைய படங்களைத் தேடி ஒட்டுப்போட்டுச் செய்வார்கள். பாதியிலேயே யாராவது தண்ணீரை இறைத்து, கரைக்கு முட்டுக்கொடுத்து, கோட்டைக் கெடுத்துவிடுவார்கள். என்னுடையதில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

யோசித்துப் பாருங்கள். நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ‘சிவப்பு’ வந்துவிட்டான் என்று சிரித்திருப்பார்கள். பாதிப் பேர் நகர்ந்திருக்க மாட்டார்கள். நகர்ந்தவர்கள் அணையைச் செப்பனிட்டபின் திரும்பி வந்திருப்பார்கள், அடுத்த வருடம் கரை இன்னும் உயர்ந்திருக்கும். இந்த நாட்டில் எந்த அணையை யார் மூடியிருக்கிறார்கள்? ஆனால் ஒரு முழு வளைகோடு கையில் இருந்தால், அதை வைத்து எந்த அணை எப்போது உடையும் என்று நாள் குறித்துச் சொல்லலாம். ஒரு தெருவை ஒரு தட்டிலும் அத்தனை பள்ளத்தாக்குகளையும் இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே சுரங்கத்துக்குத் தேவாலயத்தை நிலைப்புள்ளியாக வைத்த பச்சை வரைபடத்தையே அனுப்பிவந்தேன். மற்றொன்றை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

பனி உருகும் காலத்தில் நிஸ்டோர் ஒருநாள் கேலி செய்யாமல் வந்து நின்றார். அதுவே வழக்கத்துக்கு மாறு. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், கரையோட அடியில தண்ணி கசியுது. முன்னாடி தெளிவாத்தான் வரும். இப்ப கலங்கலா வருது, மணலும் சேந்து வருது. எனக்கு என்னமோ சரியாப் படல" என்றார். பனி உருகினால் அப்படித்தான் என்று சொன்னேன். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "நீங்க படிச்சவரு" என்றார், போய்விட்டார்.

அவர் சுரங்க மேலாளரிடமும் சொல்லியிருக்கிறார். மேலாளர் என்னிடம் தொலைபேசியில் கேட்டார்: எதற்கும் சேற்றின்மேல் தேங்கியிருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிடலாமா, பம்புகள் சும்மாதான் இருக்கின்றன என்று. இறக்கியிருந்தால் கரை நின்றிருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் வளைகோடு முறிந்திருக்கும், அது நிச்சயம். தேவையில்லை, புள்ளிகள் எல்லாம் பச்சை என்று சொன்னேன். அவர் நன்றி சொன்னார்.

இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்பீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்களோ சவேத்தாக்காவின் மகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். சரி.

மகள் ஔரிகா இத்தாலியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஈஸ்டருக்குக் கைக்குழந்தையோடு வந்தாள். மேலறை அடுப்பு புகைகிறது, ஓடையோரத்துக் கீழறை நல்ல கதகதப்பு. சவேத்தாக்கா எனக்குக் களியைப் பரிமாறிக்கொண்டே கேட்டார்.

"சார், பிள்ளையையும் மகளையும் கீழறையில படுக்க வைக்கலாமா? ஊருல யாரு சொன்னாலும் நான் கேக்கப்போறதில்ல. நீங்க சொல்லுங்க."

"வையுங்க அக்கா" என்றேன். அவர் முகம் தெளிந்தது. தட்டில் இன்னொரு கரண்டி பாலேடு விழுந்தது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? மேலே வையுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். அவரிடம் மட்டும் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

வேகம் கூடும் விதத்தை வைத்து, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்றோ அதற்கு மறுநாளோ கரை உடையும் என்று கணித்திருந்தேன். வியாழக்கிழமை விடியற்காலையில் செயற்கைக்கோள் கடந்துபோனது. அது மறுபடி வரப் பல நாள் ஆகும், அதுவரை வானத்தில் எனக்குக் கண் இல்லை. வளைகோட்டின் கடைசித் துண்டு, எல்லாவற்றையும்விட முக்கியமானது, யாரும் பார்க்காமலே போய்விடும் நிலை. உங்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம்.

உங்கள் நிபுணர் என் வளைகோட்டைப் பார்த்துவிட்டு, ஒவ்வோர் அணைக்கும் அதனதன் மண், அதனதன் கோடு, இது வேறெதற்கும் உதவாது என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் கைதாவதற்கு முன் மூன்று அணைகளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றோடும் பொருந்தவில்லை. அதைப் பற்றி நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மிச்சம் இருப்பது அந்தத் தொலைபேசி அழைப்பு. வியாழன் காலையில் நான் சவேத்தாக்காவை அழைத்திருக்கிறேன். கடைசி நேரத்தில் மனம் கேட்காமல் எச்சரிக்கத்தான் அழைத்தேன் என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். நீதிமன்றத்தில் அது எடுபடுமாம். அவர் நல்லவர். நடந்ததைச் சொல்கிறேன், எதற்காக அழைத்தேன் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வெளியே வந்து அணை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். "இருங்க சார், கையெல்லாம் முட்டைச் சாயம்" என்றார். ஈஸ்டருக்கு முட்டைகளுக்குச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். கதவு திறக்கும் ஓசை கேட்டது. பின்னால் குழந்தையின் சிணுங்கல்.

"மேல் விளிம்பு தொங்குற மாதிரி இருக்கு சார். ஈரத் துணியக் கொடியில போட்ட மாதிரி." இரண்டடி முன்னால் போகும் காலடி கேட்டது. பிறகு, "சார், இது நகருது. பிள்ளையத் தூக்கிட்டு மேல போகட்டுமா?"

"ஒரு நிமிஷம் அக்கா" என்றேன். "முதல்ல எங்க இறங்குச்சு? நடுவுலயா, சர்ச் பக்கமா?"

அவர் ஓடவில்லை. நான் கேட்டேன் என்பதற்காக நின்று, திரும்பிப் பார்த்து, "நடுவுல சார்" என்றார். அதன் பிறகு பெரிய இரைச்சல், அப்புறம் ஒன்றும் இல்லை. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

எச்சரிக்க எனக்கு எண்ணம் இருந்தது, அம்மா. இந்த ஒரு கேள்வி முடிந்ததும் சொல்வதாகத்தான் இருந்தேன். கரை ஓரத்தில் உடைந்ததாக உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். அதைத் திருத்தச் சொல்லுங்கள். நடுவில்தான் உடைந்தது. சவேத்தாக்கா எனக்கு ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.