உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

விறகு காயணும்னா வெயிலை விடக் காத்துதான் முக்கியம் ஐயா. நிறைய பேருக்கு இது தெரியாது. வெயில்ல போட்டு வெச்சு, மேலாகத் தொட்டுப் பார்த்துட்டு, காஞ்சு போச்சும்பாங்க. பிளந்து பார்த்தா உள்ள ஈரம் அப்படியே இருக்கும். அதனாலதான் கொட்டகையைக் கட்டும்போது பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி விட்டேன். முப்பத்தெட்டு வருஷமா தச்சு வேலை பார்க்கிறேன். நான் கட்டினது எதுவும் இதுவரைக்கும் ஆடினதில்லை.

நீங்க கதவைப் பத்திக் கேக்குறீங்க. வர்றேன். முதல்ல பாய்லரைச் சொன்னாத்தான் கதவு புரியும்.

என் சம்சாரம் நெஞ்சுச்சளியில போய்ச் சேர்ந்தா. வீட்டுக்குள்ள அடுப்பு எரிச்சு, இருபது வருஷம் அந்தப் புகையைக் குடிச்சதுதான் காரணம்னு டாக்டர் சொன்னாரு. என் பொண்ணுக்கும் அவ அம்மா நெஞ்சுதான். எங்க ஊர்க் குளிருக்கு இருமல் விடாது. ஒரே பொண்ணு. அவளுக்குப் புகை ஆகாதுன்னுதான் வீட்டுக்குப் பின்னாடி, வெளியில, பாய்லர் வெச்சேன். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. உள்ள விறகு எரியும், அதைச் சுத்தித் தண்ணி சுடும். அந்தத் தண்ணி மண்ணுக்கடியில குழாய் வழியா வந்து ஒவ்வொரு அறையையும் சூடாக்கும். அவ அறைக்கு மட்டும் குழாயை ரெண்டு சுத்து அதிகமா விட்டேன். அது யாருக்கும் தெரியாது.

கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை எங்க வீட்டோட வந்துட்டாரு. தபால் ஆபீஸ்ல வேலை. தங்கமான மனுஷன், அதுல நான் குறை சொல்ல மாட்டேன். சுத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. நான் மழையில நனைஞ்சுக்கிட்டு விறகு வாரிட்டு வர்றதைப் பார்த்து, பாய்லருக்கும் விறகுக்கும் சேர்த்து ஒரே கொட்டகையாப் போட்டுடலாம் மாமான்னு அவருதான் சொன்னாரு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் தூண் ஊனினோம். அவரு அடிச்சா ரெண்டுல ஒரு ஆணி வளைஞ்சுடும். "மாப்பிள்ளை, மெதுவா. அதுவும் யாரோ பெத்து வளர்த்த ஆணிதான்"னு கிண்டல் பண்ணுவேன். பொண்ணு ஜன்னல்ல நின்னு சிரிப்பா. அந்த ரெண்டு வாரம் மாதிரி நான் எப்பவும் சந்தோஷமா இருந்ததில்லை.

கதவு காத்துக்குப் படார் படார்னு அடிச்சுது. அதனால கீலைக் கொஞ்சம் சாய்வா வெச்சு, தானா சாத்திக்கிற மாதிரி பண்ணினேன். வெளியில ஒரு இரும்புக் கொண்டி. கதவு சாத்தினதும் விழுந்து மாட்டிக்கும். உள்ள இருந்து தூக்க வழி கிடையாது. அது குறைதான், ஒத்துக்கிறேன். உள்ள போறவங்க கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துட்டுப் போகணும். கணு விழுந்த கட்டை ஒண்ணு, கோடாலிக்கும் மசியாதது, அதுக்குன்னே கிடந்துச்சு.

"மாமா, உள்ளயும் ஒரு கைப்பிடி வெச்சுடுங்க. ஒரு நாள் யாராவது மாட்டிக்கப் போறாங்க"ன்னாரு மாப்பிள்ளை. வெச்சுடலாம்னேன். மனசாரத்தான் சொன்னேன். அளவு கூட எடுத்தேன்.

அடுத்த வாரம் அவருக்கு மாற்றல் வந்துச்சு. ரயில்ல ஒன்றரை நாள் பயணம். பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன்னாரு. அது அவரு உரிமை, நான் என்ன சொல்ல. சாப்பிடும்போது பொண்ணு சொன்னா, "அங்க விறகே வேண்டாம்பா. சுவத்துல ஒரு பொத்தானாம். அமுக்கினா வீடே சூடாயிடுமாம்." நான் தட்டைத் தள்ளி வெச்சுட்டேன். என் முகத்தைப் பார்த்துட்டு, "நீங்க அடிக்கடி வந்துட்டுப் போங்கப்பா"ன்னா. தூரத்துச் சொந்தக்காரனுக்குச் சொல்ற மாதிரி இருந்துச்சு. சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாங்க.

கைப்பிடி வேலையை விட்டுட்டேன். போறவருக்கு எதுக்குக் கைப்பிடி. திங்கக்கிழமை சாரல் அடிச்சுது, பலகை இடைவெளி மேல ரீப்பர்ங்கிற மெல்லிசு மரச்சட்டம் அடிச்சு மூடினேன். காத்து வேணும்னு நீதானே சொன்னேன்னு கேப்பீங்க. கேளுங்க. செவ்வாய்க்கிழமை புதுசா வெட்டின பச்சை விறகை முன்வரிசையில அடுக்கினேன், வேற இடம் இல்லை. விறகு மிச்சமாகட்டும்னு, புகைபோக்கிக்குள்ள புகை போற வழியைக் கூட்டிக் குறைக்கிற தகட்டையும் முக்கால்வாசி மூடினேன். அந்தத் தகட்டோட பிடி வெளிச்சுவத்துல இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு ஐயா. தனித்தனியாக் கேட்டுப் பாருங்க, எந்தத் தச்சனும் சரின்னுதான் சொல்லுவான்.

புதன்கிழமை மாப்பிள்ளை கொட்டகையைப் பெருக்கினாரு. கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திட்டுப் போகணும்னு அவருக்கு. அந்தக் கணுக் கட்டை கால்ல தட்டுதுன்னு பாய்லர்ல தூக்கிப் போட்டுட்டு, பார்க்க லட்சணமா ஒரு உருண்டைக் கட்டையை எடுத்து வாசல்ல வெச்சாரு. எந்தக் கட்டையா இருந்தா என்ன மாமான்னாரு. கீல் சாய்வுல கதவு எந்நேரமும் தள்ளிக்கிட்டே இருக்கும், உருண்டைக் கட்டை நிக்காது. தச்சனுக்கு அதைப் பார்த்த உடனே தெரியும். பார்த்துட்டு வீட்டுக்குள்ள போயிட்டேன்.

வியாழக்கிழமை காலையில அவரு விறகு போடப் போனாரு. நான் சமையலறையில உட்கார்ந்து கோடாலிக்குச் சாணை பிடிச்சுட்டிருந்தேன். அது எப்பவும் கொட்டகையிலதான் இருக்கும், அன்னைக்கு என்கிட்ட இருந்துச்சு. கட்டை உருள்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கதவு. அப்புறம் கொண்டி, கச்சிதமா விழுந்துச்சு.

"மாமா, கதவு சாத்திக்கிச்சு"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கூப்பிட்டாரு. நான் கல்லுல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுத் தேய்ச்சேன். தட்டுறது பலமாச்சு. அப்புறம் தோளால இடிச்சாரு. ஒரு பலகை அசையலை. அப்புறம் இருமல் கேட்டுச்சு. ஒருத்தர் இருமல் இல்லை, ரெண்டு பேரோடது.

பொண்ணு மாடியில துணி அடுக்குறான்னு நினைச்சுட்டிருந்தேன். முன்னாடி எல்லாம் பச்சை விறகா இருந்ததால, பின்வரிசையில காஞ்சதைப் பார்த்து எடுத்துக் கொடுக்க அவர்கூடப் போயிருக்கா. எனக்கு அது தெரியாது. அதை எழுதிக்குங்க. கோடாலியைப் போட்டுட்டு ஓடினேன், அதையும் எழுதிக்குங்க. கொண்டி மேல கை வெச்சேன். ஒரு விரலால தூக்கிடலாம்.

"அப்பா"ன்னா. என் காலடி அவளுக்குத் தெரியும். அப்புறம் உள்ளுக்குள்ள, மெதுவா, அவர்கிட்ட சொன்னா, "பயப்படாதீங்க, அப்பா வந்துட்டாரு. ரெண்டே நாள், நாம இங்கிருந்து கிளம்பிடலாம்."

நான் கையை எடுத்துட்டேன். திரும்பி வந்து சமையலறையில உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கூப்பிட்டா. அப்புறம் கூப்பிடலை.

ஏன் திறக்கலைன்னு மறுபடி மறுபடி கேக்குறீங்க. திறந்திருந்தா ரெண்டு பேரும் வெளியில வந்திருப்பாங்க. சனிக்கிழமை கிளம்பியிருப்பாங்க. பெத்த பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்பிட்டு ஒரு தகப்பன் எப்படி ஐயா நிம்மதியா இருக்க முடியும்?