பதினொரு ஆஸ்பத்திரிகளும் ஒரு வரியும்

இந்த நாற்காலி சௌகரியமாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். ஆபீசில் இருப்பது முதுகை ஒடித்துவிடும்.

மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டு மூன்று நாளை வீணாக்கிவிட்டீர்கள். அவன் என் தங்கை புருஷன். பதினொரு ஆஸ்பத்திரிகளுக்கு ஒரே அச்சில் இணையதளப் பக்கம், அதாவது டெம்ப்ளேட், செய்கிற எங்கள் ஆபீசில் அவனைச் சேர்த்துவிட்டவனே நான்தான். ஆறே மாதத்தில் எனக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டு, எல்லோர் முன்னாலும், "மச்சான் எழுதுற புரோகிராமை மியூசியத்துலதான் வைக்கணும்" என்று சிரித்தான். வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவன் செய்தது திரையில் தெரிகிற ஒரு சிவப்புப் பெட்டி. நோயாளிக்கு எந்த மருந்து ஆகாதோ, அதன் பெயர் அதில் தெரியும். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுவார். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற சிஎஸ்எஸ் மொழியில் ஒரே பெட்டிக்கு இரண்டு கட்டளைகள் மோதினால், எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி என்று விலாவாரியாகச் சொல்கிற கட்டளைதான் பெரும்பாலும் ஜெயிக்கும். அந்தப் பெட்டி போய் உட்காருகிற மருந்துப் பட்டியல் நான் செய்தது. அதில் அப்படி ஒரு வரி சேர்த்தேன்: இதற்குள் சிவப்புப் பெட்டி வந்தால் காட்டாதே.

எங்கள் ஆபீசில் அவரவர் பெட்டியை அவரவர் தனியாகத் திறந்துதான் சோதிப்பார்கள். எல்லாம் சேர்ந்த முழுப் பக்கத்தையும் பார்த்து ஒப்புதல் கொடுப்பது என் வேலை. கொடுத்தேன்.

ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், தனக்கு ஆகாத மருந்தின் ஊசி போடப்பட்ட பத்தாவது நிமிடம் இறந்துபோனார். முப்பத்தொரு வயது. மாப்பிள்ளை ஓடிவந்தான்.

"தனியாத் திறந்தா நல்லாத் தெரியுதே மச்சான். முழுப் பக்கத்துல நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்பா. என்னையா சந்தேகப்படுற?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். வெள்ளிக்கிழமைக்குள் தவறைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். தங்கை வீட்டுக்கு வந்து அழுதாள்.

"அண்ணே, எப்படியாவது அவரைக் காப்பாத்துண்ணே."

"அழாதம்மா, நான் இருக்கேன்ல" என்றேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்த ஒரு ஆஸ்பத்திரி மட்டும் பக்கத்தை நிறுத்திவைத்தது. மற்ற பத்திலும் அதே டெம்ப்ளேட் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை மாப்பிள்ளை ராஜினாமா கொடுத்தான். சனிக்கிழமை காலை, முதல் வேலையாக அந்த வரியை எடுத்துவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு பஸ் டிரைவரும் அதே மாதிரி இறந்துபோனார். அதைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. அதற்கு முன்னாலேயே வரியை எடுத்திருந்தால், பெட்டி தெரிய ஆரம்பித்து, தவறைக் கண்டுபிடித்த பெருமை அவனுக்குப் போயிருக்கும்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். கடைசியில் அதைச் சரிசெய்தவன் நான்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.