வண்டி குடித்த சாட்சி

பதுளையிலிருந்து பண்டாரவளை போகும் பஸ்ஸில் பதினேழு பேர் நின்றிருந்தார்கள். தெமோதரையில் ஒரு மாமனாரும் மருமகனும் ஏற, பத்தொன்பதானது. மருமகன் கையில் வெறும் போத்தல்; அடியில் எஞ்சினைக் குளிர வைக்கும் கூலண்டின் பச்சைக் கறை.

"சாட்சிய வண்டிக்கே ஊத்திட்டீங்களே, மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

நான் மலைப்பாதையின் வளைவுகளை எண்ணுவதை நிறுத்தினேன்.

"ஏத்தத்துல வேன் கொதிச்சிருச்சே, மாமா."

"பக்கத்துலயே மலை ஊத்துப் பீலியில தண்ணி கொட்டுச்சே. தோட்டத்து வண்டியெல்லாம் அங்கதான நின்னு ஊத்திக்குது."

"தண்ணி ஊத்துனா, அதாலதான் எஞ்சின் கெட்டுச்சுன்னு வேன் வித்த கம்பெனிக்காரன் கோர்ட்ல சொல்லுவானாம். கூலண்ட்தான் ஊத்தணும்னு லோயர் சொன்னாரு. கையில இருந்தத ஊத்திட்டேன்."

"அது ஒழுகுனத புடிச்சு வச்சது. புது வேன் ஒழுகுதுன்னு காட்ட அவர்தான் கொண்டாரச் சொன்னாரு. இன்னைக்குக் காட்டலன்னா கேஸே எடுக்க மாட்டேன்னாரே."

"சொன்னாரு."

"அத ஊத்தியும் வண்டி ஏறல."

"ஏறல."

எல்ல ஊரில் ஆறு பேர் இறங்கி, ஒன்பது பேர் ஏறினார்கள்.

"இப்ப வெறுங்கையோட போய் லோயர்கிட்ட என்னத்தச் சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம், மாமா. ஆள கையோட கூட்டிட்டு வந்திருவோம். வண்டிக்கு அடியில பேசின் வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். நாம திரும்புறதுக்குள்ள சாட்சி தானா வெளிய வந்திரும்."