சிறீ, கோல் மாமா

பால் சேர்க்காத தே ஓ, ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், சித்தி. சீனி குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். என்னைப் பற்றி இன்று நீங்கள் என்ன முடிவுக்கு வந்தாலும், பெரியவர்கள் உடம்பில் அக்கறை உள்ள பையன் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பேங்கில் மோசடி விசாரிக்கிற உங்களை ஜோகூர் பாருவிலிருந்து பத்து பாகாட் வரைக்கும் வண்டி ஓட்ட வைத்துவிட்டேன். ஆகவே சுற்றி வளைக்கவில்லை. "அண்ணன் கல்யாணம் நின்னதுக்கும் உனக்கும் சம்பந்தம் உண்டா, விஜி?" என்று கேட்டீர்கள். உண்டு. அந்தச் சம்பந்தம் முறிந்ததில் எனக்குச் சம்பந்தம் உண்டு. தமிழ் அழகான மொழி.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் பக்க நியாயம் புரியும்.

எங்கள் வீடு ஆண்ட்ராய்டு வீடு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சைவமா அசைவமா என்று சொல்கிற மாதிரி ஒரு தகவல், அவ்வளவுதான். ஹாலில் ஒரே சார்ஜர் தொங்கும். யார் வந்தாலும் குத்திக்கொள்ளலாம். அண்ணன் புதுப் போன் வாங்கினால் பழையது எனக்கு. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். அவர் விரல் பட்டுத் தேய்ந்த திரையில் என் விரல் மேலும் தேயும். போனைக் குடைந்து உள்ளே இருப்பதை மாற்றுவது எப்படி என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நான் இரண்டு போனைக் கொன்றேன். இரண்டு தடவையும் "நான்தான் கீழ போட்டேன்" என்று அப்பாவிடம் ஏச்சு வாங்கியவர் அவர். கடைத்தெருவில் யாராவது ஐபோனைக் காதில் வைத்துக்கொண்டு போனால் நானும் அண்ணனும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம், கோயிலைத் தாண்டிப் போகிற மாதிரி. எங்களுக்குள் ஒரு விளையாட்டு. நான் அதை விளையாட்டு என்று நினைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் பெக்கான் நானாஸ் ஊரில் அண்ணனுக்குப் பெண் அமைந்தது.

ஷாந்தினி நல்லவர். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. அவர் அப்பா சோமசேகரம் அங்கிள் அரசாங்கத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசினாலே சுற்றறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கும். அவரும் நல்லவர். ஆனால் அந்த வீட்டில் எல்லாரும் ஐபோன். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டேன், ஒரு சார்ஜர்கூட நமக்கு உதவாது.

கொஞ்ச நாளில் அண்ணன் சிங்கப்பூர் வேலையிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கையில் அது இருந்தது.

"அலமாக், என்ன அண்ணா இது?"

"ஷாந்தினிகிட்ட பேச வசதியா இருக்குடா. ஃபேஸ்டைம்."

"வாட்ஸ்அப்ல பேசினா கல்யாணம் செல்லாதா?"

"வாய மூட்றா" என்றார் சிரித்துக்கொண்டே. அழுதுகொண்டு மதம் மாறுகிறவர்களைத் தேற்றலாம். சிரித்துக்கொண்டே மாறுகிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

"பழைய போன்?"

"ஷாந்தினி தம்பி கேட்டான். ஏதோ காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஆண்ட்ராய்டு வேணுமாம். குடுத்துட்டேன். உன்னோடதுதான் நல்லா இருக்கே லா?"

நல்லாத்தான் இருந்தது. திரையில் ஒரு விரிசல், அதைத் தாண்டி எல்லாம் தெரிந்தது. நான் வருத்தப்படவில்லை. வருத்தப்பட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். படம் எடுத்து முடிந்ததும் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் பக்கத்தில் எல்லாரும் போனைப் போனோடு ஒட்டி ஏர்டிராப் செய்துகொண்டார்கள். தீர்த்தம் கொடுக்கிற மாதிரி வரிசையாக நின்றார்கள். நம் பக்கத்துக்கு "வாட்ஸ்அப்ல போட்டு விடுறோம்" என்றார்கள். போட்டார்கள். அதில் என் முகம் ரொட்டி சானாய்க்குப் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளைதான், அங்கே நிற்கலாம். நான் நியாயம் தெரிந்தவன். இருந்தாலும் நான் கன்னத்தில் போட்டுக் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணனுடைய முழுப்பெயர் சிறீகாந்தன். இலங்கை வழியில் வந்த நாம் 'சிறீ' என்றுதான் எழுதுவோம், அப்படியேதான் கூப்பிடுவோம். அந்தப் போனுக்குள் குடியிருக்கும் குரலுக்கும் அதே பெயர். இது யாருடைய தவறும் இல்லை. தாத்தா அண்ணனுக்குப் பெயர் வைத்தபோது அமெரிக்காவில் யாரையும் கேட்டிருக்க மாட்டார். அந்தக் குரல் பெரும்பாலும் முதலாளி கூப்பிட்டால்தான் எழும்புமாம். ஆனால் அம்மா "சிறீ!" என்று கூப்பிட்டால் எங்கள் தெருவே எழும்பும், போன் எம்மாத்திரம்? அம்மா கான்வென்டில் படித்தவர் வேறு. கட்டளை இங்கிலீஷில் வரும், திட்டு தமிழில் வரும்.

இன்னொன்று. அண்ணன் போனில் உங்கள் தம்பி கனகராஜ் மாமா 'மாமா' என்று மட்டும்தான் இருந்தார். நிச்சயம் ஆனதும் அவர் 'கனகராஜ் மாமா' ஆகிவிட்டார். வெறும் 'மாமா' என்ற பதவி சோமசேகரம் அங்கிளுக்குப் போய்விட்டது. வருகிற மாமனாரை வேறு எப்படிப் போடுவது? அதுவும் நியாயம்தான். இந்தக் கதையில் எல்லாருமே நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள், சித்தி. அதுதான் எனக்கு உதவியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார், போன் மேசையில் இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார். "சிறீ! கோல் மாமா!"

அண்ணனுக்குக் கேட்கவில்லை. போனுக்குக் கேட்டது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி 'மாமா' என்று இருந்த நம்பருக்குக் கோல் பண்ணியது. "ஹலோ" என்று ஒரு ஆண் குரல் வந்ததும், தன் தம்பிதான் என்று நினைத்து அம்மா கரண்டியும் கையுமாக வந்து போனைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"டேய், நண்டுக் கறி ரெடி. சீக்கிரம் வந்து கொட்டிக்கோ. வரும்போது சும்மா கைய வீசிக்கிட்டு வராத!"

மறுமுனையில் தொண்டையைக் கனைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மிக்க மகிழ்ச்சி. புறப்படுகிறேன்" என்றது குரல்.

அம்மா என்னைப் பார்த்தார். "என்னடா இவன் ரேடியோ நியூஸ் மாதிரி பேசுறான்?"

சோமசேகரம் அங்கிள் பெக்கான் நானாஸிலிருந்து இஸ்திரி போட்ட பத்தேக் சட்டையில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி அன்னாசிப்பழம். அம்மா முந்தானையைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார். அவரோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நண்டை முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு உரிமையோடு யாரும் சாப்பிட அழைத்ததில்லை. அலுவலகத்தில் சார். வீட்டில் அப்பா. 'டேய்' என்று சொல்ல எனக்கு ஒரு சகோதரி இல்லை."

அதற்கு மேல் உண்மையைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அன்றிலிருந்து அம்மா அவருக்குச் சகோதரி. வாரம் ஒரு பெட்டி அன்னாசி வந்தது. இரண்டு குடும்பமும் நண்டும் ஓடும் மாதிரி ஆகிவிட்டது. அது ஆள் மாறிப் போன கோல் என்று அவரிடம் சொல்லக் கூடாது என்று அம்மா எங்கள் எல்லாரையும் சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்ய வைத்தார். நான் சத்தியத்தை மீறவில்லை. இன்றுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மாதான் சொன்னார். நான் கேட்டேன், அவ்வளவுதான்.

அன்றைக்கும் ஞாயிறுதான். அண்ணன் வெளியே கார் கழுவிக்கொண்டிருந்தார். போன் அலமாரி மேல் சார்ஜில் இருந்தது. கனகராஜ் மாமா எனக்கு எதிரே உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். அம்மா மீன் எடுக்க அடுப்படிக்குப் போனார். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னேன்: "சிறீ, கோல் மாமா."

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே குரல், உங்களுக்குத் தெரியும். போனில் அம்மாவே பாதி நாள் ஆள் மாறிப் பேசுவார். அந்தக் குரலும் ஏமாந்தது. பாவம், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கனகராஜ் மாமா மட்டும் முறுக்கோடு நிமிர்ந்தார். "நான் இங்கதான்டா இருக்கேன். எனக்கு எதுக்கு கோல்?"

"சும்மா, மாமா" என்றேன். டிவியை அணைத்தேன். அம்மா மீனோடு வந்தார்.

"அம்மா, அன்னிக்கு நண்டு சாப்பிட வாங்கன்னு நிஜமா யாரைக் கூப்பிட்டீங்க?"

சித்தி, உங்கள் அக்காவுக்கு ஒரு கதையை அடக்கி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்தார். மீன் தட்டை வைத்துவிட்டு முழுசாக நடித்தே காட்டினார். "மிக்க மகிழ்ச்சி, புறப்படுகிறேன்" என்று சோமசேகரம் அங்கிள் குரலில் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நடை, கண்ணைத் துடைத்த கைக்குட்டை, அதை நாலாக மடித்த அழகு. கனகராஜ் மாமா சிரித்துச் சிரித்து முறுக்கு புரையேறி மேசையைத் தட்டினார். நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது, அதை மறைக்க மாட்டேன்.

"கூப்பிட்டது என் தம்பிய, வந்தது அன்னாசிப்பழம்!" என்றார் அம்மா. "டேய்ன்னா போதும், அந்த மனுசன் வால ஆட்டிக்கிட்டு வந்துடுவார் போல!"

அது அம்மா மனசில் இருந்து வந்த சொல் இல்லை. கதை சொல்கிற வேகத்தில் வந்தது. கேட்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதுவும் என் கணக்கில் இருந்தது.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது: கோல் வந்ததும், மறுபடி சாப்பிடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அங்கிள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் மனைவி. பெட்டியில் பழம் அடுக்கிக்கொண்டு ஷாந்தினி. கடைசி வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றி மறுபடி ஹேங்கரில் மாட்டினாராம். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மறுவாரம் நிச்சயதார்த்தத் தட்டு திரும்பி வந்தது, நன்றாகத் துடைத்து, துணி சுற்றி.

அண்ணன் போய்க் கெஞ்சினார். "அப்பா இப்ப யார் கோல் வந்தாலும் எடுக்கறது இல்ல, சிறீ. அவரை இப்படி வெச்சுக்கிட்டு நான் எப்படி மாலை மாத்துவேன்?" என்று சொல்லிவிட்டாராம் ஷாந்தினி. நல்லவர் என்று முதலிலேயே சொன்னேன்.

அம்மா, பழக்கதோஷத்தில் தான்தான் மறுபடி "சிறீ, கோல் மாமா" என்று சொல்லிவிட்டதாக நம்புகிறார். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறார். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். நான் திருத்தவில்லை. அந்த வயதில் ஒரு பழி இருந்தால் மனசு எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும், சும்மா இருந்தால்தான் கெடுதல்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. கனகராஜ் மாமா முறுக்குக் கதையை உங்களிடம் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்களும் சந்தேகப்பட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் பிடித்த நுனி சரியான நுனி. "பிறந்ததிலேர்ந்து அண்ணான்னு தவிர வேற கூப்பிடாத பய, அன்னிக்கு மட்டும் ஏன் பேர் சொன்னான்?" பேங்கில் உங்களுக்குச் சம்பளம் குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே, ஆம். தெரிந்தே செய்தேன். யாரும் தூண்டவில்லை. சோமசேகரம் அங்கிளையும் அம்மாவையும் ஒரே கோலில் கவிழ்த்தேன், அண்ணன் கல்யாணத்தை நிறுத்தினேன். எனக்காகச் செய்யவில்லை. அண்ணனை மீட்கத்தான். அவர் திரும்பி வந்தால் ஹாலில் பழையபடி ஒரே சார்ஜர் போதும்.

அவர் வரவில்லை. சிங்கப்பூரிலேயே அறை எடுத்துவிட்டார், சனிக்கிழமை வருவதில்லை. புது நம்பர் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறதாம். நம்பர் வேண்டாம். இப்போது என்ன போன் வைத்திருக்கிறார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டுதான் என்றால் நான் செய்தது சரி என்று ஆகிவிடும்.

இந்த ஐபோனைப் போகும்போது மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். "நீயே வச்சுக்க. யாருக்கும் குடுக்காத, தூக்கிப் போட்டாலும் சரி" என்றார். அண்ணன் பழைய போன் எனக்குத்தான், முறைப்படி. வைத்திருக்கிறேன். குணம் நல்ல குணம். "சிறீ" என்றால் உடனே பதில் சொல்கிறது, எந்நேரமும்.

ஒரு தடவை அதனிடம் "அண்ணா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. சும்மா, டெஸ்ட் பண்ணத்தான்.