அப்பா தூங்குறாரு

அலுவலர்: இந்த இடத்துல ஃபிரிட்ஜ் இருந்துச்சா மா?

அம்மா: ஃபிரிட்ஜா? எங்க வீட்லயா? நல்லாக் கேட்டீங்க சார்.

அலுவலர்: இல்ல, தரையில நாலு பக்கமும் துருக் கறை இருக்கே...

மகள்: அது தண்ணி டிரம் வச்சிருந்த ஸ்டாண்டு சார். ஓட்டையாயிடுச்சுன்னு பழைய இரும்புக்குப் போட்டுட்டோம்.

அலுவலர்: ம்... டக்கு டக்குனு பதில் வருது. பயப்படாத மா, என் வேலை அப்படி. உதவித்தொகைக்கு மனு போட்டவங்க வீட்டை நேர்ல பார்க்கப் போனா, டி.வி.யைத் தூக்கி மாடி வீட்ல வச்சிருப்பாங்க. ஒரு வீட்ல ஏ.சி. மேல பாயைத் தொங்க விட்டிருந்தாங்க. அதை ஆஃப் பண்ண மறந்துட்டாங்க. பாய் காத்துல ஆடுது!

மகள்: ஐயய்யோ... நீங்க என்ன சார் பண்ணீங்க?

அலுவலர்: அதுக்குக் கீழயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன். வெயில் காலம் பாரு.

அம்மா: எங்ககிட்ட ஒளிக்கறதுக்கு என்ன சார் இருக்கு. இருக்கறதே ஒரு ஹாலு, ஒரு உள் ரூமு.

அலுவலர்: தெரியுது மா. போன வாரம் ஒரு வீட்ல பக்கத்து வீட்டுக்காரரைப் படுக்க வச்சு, இவர்தான் அப்பான்னாங்க. டீ போடுறேன்னு அந்தம்மா எழுந்திரிச்சா, படுத்திருந்தவரு போர்வைக்குள்ளேர்ந்து "சக்கரை கம்மியா"ன்னாரு. நாக்கு கூட அசையாதுன்னு எழுதியிருந்த ஆளு!

மகள்: நிஜ அப்பா எங்க போனாரு?

அலுவலர்: மனு போட்டதுக்கப்புறம் தவறிட்டாரு. பாவம்தான். ஆனா இந்த நிதி, படுத்த படுக்கையா இருக்கற தொழிலாளிங்க பிள்ளைங்களுக்கு மட்டும். அப்பா தவறிட்டா அது வேற நிதி. அதுக்கு அடுத்த வருஷம்தான் மனு வாங்குவாங்க.

மகள்: அதுவரைக்கும் காலேஜ் சீட்டு...

அலுவலர்: எப்படி இருக்கும்? வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபீஸ் கட்டலேன்னா, வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குத் தூக்கிக் குடுத்துருவாங்க. உனக்கு என்ன படிப்பு? பி.எஸ்சி. கணிதமா?

மகள்: ஆமா சார். முதல் லிஸ்ட்லயே வந்துடுச்சு.

அம்மா: அவ ராத்திரி பகலா படிச்சு வாங்கின சீட்டு சார் அது. அது மட்டும் கை நழுவிப் போச்சுன்னா... வேண்டாம், நினைச்சுப் பார்க்கவே முடியல.

அலுவலர்: போகாது மா. எல்லாம் சரியா இருக்கு. வெல்டிங் பட்டறையில மேலேர்ந்து விழுந்தவரு, முதுகெலும்புல அடி. டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. அவரை ஒரு எட்டு பார்த்துட்டேன்னா முடிஞ்சுது. உள்ளதானே?

அம்மா: அவரு... தூங்குறாரு சார்.

மகள்: ஆமா சார், அப்பா இப்பதான் கண் அசந்தாரு. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல.

அலுவலர்: எழுப்ப மாட்டேன். பார்த்தேன்னு நான் கையெழுத்துப் போடணும். பார்க்காமப் போட்டா என் வேலைக்கு உலை.

அம்மா: அந்த ரூம்ல லைட்டு இல்ல சார். பல்பு போயிடுச்சு.

அலுவலர்: கதவைத் திறந்தா வெளிச்சம் வரும்ல.

மகள்: வெளிச்சம் பட்டா அவருக்குக் கண்ணு கூசும்...

அலுவலர்: என்ன மா ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. நான் படுக்கையில இருக்கற எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். நோயாளி இருக்கற வீடு, வாசப்படியிலயே தெரிஞ்சிரும். இங்க வந்தவுடனே தைல வாசனை அடிச்சுது. அப்பவே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துடுச்சு.

அம்மா: தைல வாசனையா?

அலுவலர்: ஆமா. இப்பக் கூட அடிக்குதே. உங்களுக்குப் பழகியிருக்கும்.

மகள்: அம்மா... நீ தடவினியா?

அம்மா: நான் எதுக்குடி தடவப் போறேன்.

அலுவலர்: ரெண்டு பேரும் இங்கயே இருங்க. கூட வந்தா நோயாளி உங்க முகத்தைப் பார்த்துட்டுதான் பேசுவாரு. நான் தனியாதான் பார்ப்பேன், எல்லா வீட்லயும் அப்படித்தான். ஜன்னல் வெளிச்சம் போதும், கதவைச் சாத்திக்கிறேன்.

மகள்: சார், ஒரு நிமிஷம்... சார்!

அம்மா: விடுடி. போயிட்டாரு.

மகள்: போச்சு மா. எல்லாம் போச்சு. இப்ப வெளிய வந்து காறித் துப்பப் போறாரு.

அம்மா: மெதுவாப் பேசு. ரூமு இருட்டு. போர்வையைப் பார்த்துட்டு வந்துருவாரு.

மகள்: கிட்டப் போய்த் தொட்டாருன்னா?

அம்மா: அப்படிச் சொல்லாதடி. சாமி... இந்த ஒரு தடவை...

மகள்: நான் அப்பவே சொன்னேன், வேண்டாம்னு.

அம்மா: எப்ப சொன்ன? ஃபிரிட்ஜைத் தள்ளும்போது நீதான் முன்னாடி நின்ன.

மகள்: ஃபிரிட்ஜ் வேற, இது வேற மா!

அம்மா: ஷ்ஷ்... சத்தம் கேக்குது.

மகள்: என்ன சத்தம்?

அம்மா: பேசுறாரு.

மகள்: போன் வந்திருக்கும்.

அம்மா: அவரு போனு அந்தா மேசை மேல கிடக்கு பாரு.

மகள்: அப்ப... யார்கிட்ட பேசுறாரு?

அம்மா: உள்ள வேற யாருடி இருக்கா...

மகள்: அம்மா, என் கையை விடு, வலிக்குது. அங்க கேளு, சிரிக்கிறாரு. நல்லாச் சிரிக்கிறாரு மா.

அம்மா: கதவுகிட்டப் போகாத. இங்க வா. என் பக்கத்துல வந்து நில்லு.

மகள்: சித்தப்பா யாராவது பின்பக்கமா வந்து...

அம்மா: பின்பக்கம் ஏதுடி வழி? ஜன்னல் ஒண்ணுதான். அதுக்கும் கம்பி.

மகள்: எனக்கு பயமா இருக்கு மா.

அம்மா: எனக்கு மட்டும் என்ன... வாயைத் திறக்காத, வர்றாரு.

அலுவலர்: கதவு கொஞ்சம் உரசுது, கீழ சீவணும். உக்காருங்க, ஏன் ரெண்டு பேரும் சிலை மாதிரி நிக்கறீங்க?

அம்மா: சார்... பார்த்தீங்களா?

அலுவலர்: பார்த்தேனே. தூங்கலையே அவரு! போர்வையை முகம் வரைக்கும் இழுத்து விட்டிருக்கீங்க, உள்ளயிருந்தே பேசுறாரு. குரல்தான் ரொம்பக் கம்மி. காதைக் கிட்ட வச்சுக் கேட்டேன்.

மகள்: என்ன... என்ன சொன்னாரு?

அலுவலர்: உன் பெருமைதான். வேற என்ன? கணக்குப்புள்ள, கணக்குப்புள்ளன்னு. யாரு சார் அதுன்னு கேட்டா, என் பொண்ணுதாங்கறாரு!

மகள்: அந்தப் பேரு... அதை யாரும் உங்ககிட்ட சொல்லலையே சார்?

அலுவலர்: அவருதான் மா சொன்னாரு. சின்ன வயசுல கதவுக்குப் பின்னால சுவத்துல சாக்பீஸ்ல வாய்ப்பாடு எழுதி வச்சியாமே? வெள்ளையடிக்க வந்தவரை, அந்தச் சுவத்தைத் தொட்டா கையை உடைப்பேன்னாராமே? அதைச் சொல்லித்தான் ரெண்டு பேரும் சிரிச்சோம்.

மகள்: அம்மா...

அம்மா: அழாத. பேசாம இரு.

அலுவலர்: அட, அழுவாங்களா இதுக்கு? சந்தோஷப்படு. நாளைக்கே மேல அனுப்பிடுறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி காலேஜுக்குப் பணம் போயிடும். நான் பேருக்குச் சொல்லல, இத்தனை வருஷத்துல இவ்வளவு திருப்தியா ஒரு வீட்டை விட்டுக் கிளம்பினதில்ல.

மகள்: ரொம்ப நன்றி சார். நீங்க கிளம்புங்க சார், நேரமாச்சு...

அலுவலர்: விரட்டுறியே என்னை! கிளம்புறேன். ஆனா மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. காலைத் தொட்டுப் பார்த்தேன், சில்லுன்னு இருக்கு. நல்லாப் பார்த்துக்கங்க அவரை.

அம்மா: காலா... காலைத் தொட்டீங்களா?

அலுவலர்: ஆமா. அப்புறம், அவரே ஒண்ணு கேட்டாரு. உங்ககிட்டச் சொல்லத் தயங்குறாரு போல. "அவ நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கா, திட்டாதீங்க. ஆனா மூச்சு முட்டுது. குப்புறக் கிடக்கேன், கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லுங்க"ன்னாரு. எனக்கு ஒரே குழப்பம். மல்லாக்கத்தானே படுத்திருந்தாரு?

அம்மா: என்னங்க...

மகள்: அம்மா, வேண்டாம். ஒண்ணும் சொல்லாத. சார், நான் பார்த்துக்கிறேன், நீங்க கிளம்புங்க...

அம்மா: விடுடி என்னை. மூச்சு முட்டுதுங்கறாரு, கேட்டியா? கடைசி ராத்திரியும் இதைத்தான் சொன்னாரு.

மகள்: என் சீட்டு மா...

அம்மா: தெரியுது கண்ணு. அம்மாவை மன்னிச்சிரு. அப்படி ஒண்ணும் இல்லேன்னு வாயால சொல்லிட்டு என்னால அந்த ரூமுக்குள்ள போக முடியாது.

அலுவலர்: என்ன மா நடக்குது இங்க? உள்ள இருக்கறது உங்க வீட்டுக்காரர் தானே?

அம்மா: அவருதான் சார், அவரு படம். மனு போட்ட மறு மாசமே போயிட்டாரு... சுவத்துல மாலையோட மாட்டியிருந்தா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு, காலைல நான்தான் கழட்டி, கட்டில்ல குப்புறக் கவுத்து, போர்வையைப் போட்டு மூடினேன்.